சகலையின் ஒன்றேகால் விநாடி

"சும்மா தொட்டாப் போதும்" என்றுதான், தன் புதுக் காரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்த சகலை சொன்னார். லிஃப்ட்காரரும் சும்மாதான் தொட்டார். கண்ணை மூடித் திறப்பதற்குள் மாமனார் வீட்டு இரும்புக் கேட், காரின் மூக்கில் கண்ணாடி மாட்டியது போல ஏறி உட்கார்ந்திருந்தது. வாசலில் வரிசையாக இருந்த பதினோரு செடித் தொட்டிகளில் ஒன்பது, தொட்டி என்ற பதவியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தன. தப்பிய இரண்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி லிஃப்ட்காரரும் ஆடிக்கொண்டிருந்தார்.

இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர் என்பதால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். மேலும் கீழும் போகிற பெட்டிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. குறுக்கே போகிற பெட்டிகள் விஷயத்தில் மட்டும் நிதானஸ்தர். இரண்டு வருடத்துக்கு முன், குடும்பத்திலேயே முதல் ஆளாக ஒரு மின்சாரக் கார் வாங்கினார். போன மாதம் மனைவியின் தங்கை புருஷன், அதாவது சகலை, தொழிலால் பல் டாக்டர், அதே கம்பெனியில் அதே காரை அதே சாம்பல் நிறத்தில் வாங்கினார். வித்தியாசம் ஒன்றே ஒன்று. சகலையின் காரில் பின்பக்கம் பெயரை ஒட்டிச் சிவப்பாக ஒரு மின்னல் குறி இருந்தது. அது வேகப் பதிப்பு.

அந்த மின்னல் கட்டைவிரல் நகம் அளவுதான். லிஃப்ட்காரர் கண்ணுக்கு அது தெருமுனையிலிருந்தே தெரிந்தது. வயிற்றில் ஏதோ பொசுங்குகிற மாதிரியும் இருந்தது.

சத்தம் கேட்டு மாமனார் வெளியே வந்தார். எழுபத்தெட்டு வயது, ஓய்வு பெற்ற கட்டட ஓவர்சியர், பேச்சில் சிக்கனம். கேட்டைப் பார்த்தார். காரைப் பார்த்தார். இரண்டு மாப்பிள்ளைகளையும் பார்த்தார்.

"யாருக்கும் அடி இல்லையே?"

இல்லை என்றதும், கேட்டைத் தாங்கியிருந்த தூணை விரல் மடக்கித் தட்டினார். "கலவை அப்பவே சரியில்ல" என்றார். அத்தோடு விசாரணை முடிந்தது.

அவர் திட்டியிருக்கலாம். சகலையாவது நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். சகலையோ சிரித்தார். முப்பத்திரண்டும் முப்பத்திரண்டாக இருக்கிற பல் டாக்டர் சிரிப்பு.

"விடுங்க சகலை, பம்பர்தானே! உங்க மேல தப்பே இல்ல. இந்த வேகம் எல்லாருக்கும் கை வராது." பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். "மாமா, இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை நானே உங்களைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். சகலை கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்."

"சரி" என்றார் மாமனார்.

அந்த 'சரி'தான் லிஃப்ட்காரரை இடித்தது. கேட் இடித்தது கணக்கிலேயே இல்லை.

மாமனாருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தது. நீச்சல் குளத்துத் தண்ணீருக்குள் இறங்கி நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நாலு வருடமாக சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரைக் குளத்துக்குக் கொண்டுபோய் விடுவது லிஃப்ட்காரர். முன் சீட், மடியில் துண்டுப் பை. வழியில் இரண்டாவது சிக்னலைத் தாண்டியதும் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதை இருவரும் அஸ்திவாரக் குழியிலிருந்தே பார்த்து வந்தார்கள். 'நம்ம கட்டடம்' என்பார்கள். கட்டுகிறவருக்கு இந்தச் சங்கதி தெரியாது. மூன்றாவது மாடி சன்ஷேடு சாய்ந்திருக்கிறது என்று மாமனார் சொல்வார். லிஃப்டுக்கு விட்டிருக்கிற இடம் ஒரு பீரோவுக்குத்தான் ஆகும் என்று இவர் சொல்வார். பீரோவா, பெட்டியா என்று குளம் வரும்வரை வாக்குவாதம் நடக்கும். வீட்டில் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், அந்த முன் சீட்டில் உட்கார்ந்தால் நூறு வார்த்தை பேசுவார். நூறையும் கேட்கிற ஒரே ஆள் தான்தான் என்பது லிஃப்ட்காரருடைய ரகசியப் பெருமை.

இப்போது அந்த நூறும் மின்னலுக்குப் போய்விட்டது.

மூன்று சனிக்கிழமை லிஃப்ட்காரர் வீட்டிலேயே உட்கார்ந்து மிக்ஸியைக் கழற்றி மாட்டினார். மிக்ஸி நன்றாகத்தான் இருந்தது.

"ஒரு போன் போட்டு, வரேன்னு சொல்லுங்களேன்" என்றாள் மனைவி. "எங்கப்பா என்ன வரமாட்டேன்னா சொல்லப்போறார்?"

"அவர் எதுக்கு என் வண்டில வரணும்? அங்கதான் மின்னல் வெட்டுதே."

"உங்க மூஞ்சிலயும்தான் வெட்டுது. மிக்ஸி ஜாரைக் குடுங்க, எனக்கு வேலை இருக்கு."

மூன்றாவது சனிக்கிழமை சகலையே போன் செய்தார். "சகலை, வண்டி சொகுசுன்னா அப்படி ஒரு சொகுசு. ஏறி உக்காந்ததும் மாமா கண்ண மூடிடுறார். குளம் வந்துதான் திறக்கறார்." கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, உங்ககூட வர்றப்போ என்னதான் பேசுவார்?" என்று கேட்டார்.

"சும்மா... கட்டடம் பத்தி."

"கட்டடமா! எங்கிட்ட பல்லைப் பத்திக்கூடப் பேச மாட்டேங்கறாரே."

சகலை குரலில் இருந்ததை லிஃப்ட்காரர் கவனிக்கவில்லை. 'சொகுசு' என்ற சொல்லோடு அவர் காது அடைத்துவிட்டது. அன்றே முடிவு செய்தார். அந்த வேகப் பதிப்பு கொடுக்கிற காசுக்குப் பெறுமா, பெறாதா? ஒரே கேள்வி. நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்துவிடுவது.

கேள்வி ஒன்றுதான். பதில் சொல்லத்தான் அங்கே ஒரு சாம்ராஜ்யமே வைத்திருந்தார்கள்.

ஷோரூம் என்று அதைச் சொல்லக் கூடாதாம். 'அனுபவ இல்லம்' என்று வாசலில் எழுதியிருந்தது. செருப்பைக் கழற்றச் சொல்லி, கால் உறை ஒரு ஜோடி கொடுத்தார்கள். தரை அவ்வளவு வெள்ளை. நடுவில் கார், சுற்றிலும் கயிறு. கோட்டுப் போட்ட ஒருவர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு வந்தார். சட்டையில் 'வேகத் துணைவர்' என்று பட்டை.

"வாங்க சார். நாங்க இங்க எதையும் விக்கறதில்ல. கூடவே நடக்கறோம்."

"எனக்கு அரை மணி நேரம்தான் இருக்கு. ஒரு கேள்வி. என்கிட்ட சாதாரண மாடல் இருக்கு. வேக மாடலுக்கு மாறினா பெறுமா?"

"அருமையான கேள்வி சார்" என்றார் துணைவர், கண்ணை மூடி ரசித்து. "அதுக்கு முன்னாடி உங்க வேக வரலாறு தேவைப்படுது."

நாலு பக்கப் படிவம். 'கடைசியாக எப்போது பின்தங்கியதாக உணர்ந்தீர்கள்?' என்ற கேள்விக்கு லிஃப்ட்காரர் தேதி போட்டார். 'உங்களைவிட வேகமான வாகனம் வைத்திருக்கும் நெருங்கிய உறவினர்' என்ற இடத்தில் ஐந்து கட்டங்கள்: அண்ணன், தம்பி, மைத்துனர், சகலை, மற்றவர். மற்ற நாலும் ஒரே அளவில் இருக்க, சகலைக்கு மட்டும் கட்டம் பெரிதாக இருந்தது.

அதில் குறியிட்டதும் துணைவர் முகம் மலர்ந்துவிட்டது. "சகலையா சார்! முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? இந்தக் கட்டடத்துல பாதி சகலைங்க கட்டினதுதான்."

"சரி, வித்தியாசம் எவ்வளவு? அதைச் சொல்லுங்க."

"நின்ன இடத்துலேருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடறதுக்கு உங்க வண்டியை விட ஒண்ணேகால் விநாடி சீக்கிரம்."

"அந்த ஒண்ணேகால் விநாடியை வச்சு நான் என்ன பண்ணுவேன்?"

"அது உங்க சொந்த நேரம் சார். அதுல நாங்க தலையிடறதில்ல."

"இந்த ஊர்ல நூறுல எங்கங்க போறது? இருபதடிக்கு ஒரு சிக்னல்."

"போறது முக்கியம் இல்ல சார். போக முடியும்ங்கற நிம்மதி." துணைவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க வாடிக்கையாளர்கள்ல நிறையப் பேர் அந்த நிம்மதியோட இருபதுலதான் போறாங்க."

ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வெளிச் சாலையில் நெரிசல், அதனால் சோதனை ஓட்டம் உள்ளேயே என்றார்கள். ஒரு நாற்காலியில் உட்கார வைத்து பெல்ட் போட்டார்கள். எதிர்த் திரையில் காலியான சாலை ஓடியது. பின்னாலிருந்து இரண்டு பேர் "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, "மூணு" சொல்லாமலே நாற்காலியை வெடுக்கென்று பின்பக்கம் சாய்த்தார்கள். லிஃப்ட்காரருடைய கண்ணாடி பறந்து போய்க் கயிற்றுக்குள்ளிருந்த கார் மேல் விழுந்தது.

"எப்படி சார் இருந்தது?"

"கேபிள் அறுந்த லிஃப்ட் மாதிரி இருந்தது."

'மிகவும் பரவசம்' என்று துணைவர் எழுதிக்கொண்டார்.

கண்ணாடியை எடுக்கக் கயிற்றைத் தாண்டிக் குனிந்தவருக்குத் தொழில் புத்தி விடவில்லை. சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற டார்ச்சை அடித்துக் காருக்கு அடியில் பார்த்தார். மோட்டாரில் ஒரு தகடு, தகட்டில் மோட்டாரின் ரக எண். எழுந்து வந்து, முன்பொரு நாள் தன் காருக்கு அடியில் படுத்து எடுத்த படத்தைக் கைபேசியில் பெரிதாக்கினார். அதே தகடு, அதே எண், கடைசி எழுத்து வரை.

"ரெண்டுலயும் ஒரே மோட்டார்தானே?"

துணைவர் முகத்தில் ஈயாடவில்லை. "இது மேல்மாடிக் கேள்வி சார்" என்றார்.

மேல்மாடிக்கு லிஃப்டில் போனார்கள். துணைவர் கதவு மூடும் பொத்தானைப் படபடவென்று அமுக்கினார். "சார் லிஃப்ட் ஆள்தானே? நிசமாச் சொல்லுங்க, இந்தப் பொத்தான் வேலை செய்யுமா?"

லிஃப்ட்காரர் பார்க்கிற லிஃப்டுகளில் பாதிக்கு மேல் அந்தப் பொத்தானின் கம்பி எங்கேயும் போய்ச் சேராது. காத்திருக்கிற மனிதனுக்கு அமுக்க ஏதாவது வேண்டும், பார்க்க ஒரு கண்ணாடி வேண்டும். இரண்டும் இருந்தால் லிஃப்ட் மெதுவாக வருகிறது என்ற புகார் பாதியாகிவிடும். ஆனால் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வழக்கம்போல, "அமுக்கிப் பாருங்க, தெரியும்" என்றார்.

மேலே 'தலைமை விழிப்பாளர்' என்ற பெயரில் மேலாளர் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஒரு காகிதம்கூட இல்லை. மறுக்கவும் இல்லை.

"மோட்டார் ஒண்ணுதான் சார். அனுமதிதான் வேற."

"அப்போ அந்த வேகம் என் வண்டிக்குள்ளயும் இருக்கா?"

"இருக்கு சார். தூங்குது."

"எப்போலேருந்து?"

"நீங்க வாங்கின நாள்லேருந்து."

"ரெண்டு வருஷமா நானே அதைத் தூக்கிச் சுமந்துட்டுத் திரியறேனா?"

"எவ்வளவு அழகா சொல்லிட்டீங்க!" மேலாளர் நெகிழ்ந்துபோனார். "பாருங்க சார், ஆரம்பத்துல எல்லா வண்டியையும் வேகமாத்தான் செஞ்சோம். எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. ஒருத்தர்கூடத் திரும்பி வரல. அப்புறம்தான் எங்களுக்குப் புரிஞ்சுது, வேகம்ங்கறது வண்டில இல்ல, பக்கத்து வண்டிலதான் இருக்குன்னு. அதனால பாதி வண்டியைத் தூங்க வச்சோம். தூங்க வைக்கறதுக்கு எவ்வளவு ஆராய்ச்சி தெரியுமா? எழுப்பறதுக்கு ஒரு தட்டுத்தான். மின்னல் ஸ்டிக்கர் செய்யத்தான் கொஞ்சம் நாளாகும்."

லிஃப்ட்காரருக்கு எங்கேயோ ஒரு மணி அடித்தது. கம்பி இல்லாத பொத்தானை அமுக்குகிற மனிதர்களை வேலைக்கு நடுவே அவர் தினமும் பார்த்துச் சிரித்ததுண்டு. அந்த வரிசையில் இப்போது தானே நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் மூடிய கண்ணோடு சகலையின் முன் சீட்டில் சாய்ந்திருக்கிற மாமனார் நினைவுக்கு வந்தார். பொசுங்கல் மணியை அமுக்கிவிட்டது.

"எழுப்பினா பெறுமா, பெறாதா? அதை மட்டும் சொல்லிடுங்க."

"அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல சார். வாடிக்கையாளர் மனசுலதான் பதில் இருக்கு. ஒரு சனிக்கிழமை காலை மட்டும் எழுப்பித் தரோம். மதியம் பன்னெண்டு மணிக்குள்ள நீங்களே எங்களுக்குச் சொல்லுங்க."

அடுத்து வந்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு விழிப்பு விழா நடந்தது. லிஃப்ட்காரர் ஓட்டிக்கொண்டு வந்த காரை வாசலிலேயே வாங்கி, உள்ளே தள்ளிக்கொண்டு போய், சிவப்பு வெல்வெட் துணியால் மூடினார்கள். அவரை அதன் எதிரே நிறுத்தினார்கள். விளக்கை அணைத்தார்கள். பறை கொட்டுவது போல ஒலிபெருக்கியில் ஒரு முழக்கம். மேலாளர், "இன்று நீங்கள் சந்திக்கப்போவது, இதுவரை நீங்கள் சந்திக்காத ஒன்று" என்று அச்சுத் தமிழில் அறிவித்துத் துணியை உருவினார்.

பின் சீட்டில் அவருடைய கிரீஸ் டப்பா இருந்தது. டாஷ்போர்டில் மனைவி வாங்கிவரச் சொன்ன சாமான் சீட்டு இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். முதல் தடவை பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளச் சொல்லிப் படம் எடுத்தார்கள். சரியாக வரவில்லை என்று துணியைத் திரும்பப் போர்த்தி இன்னொரு தடவை எடுத்தார்கள். உண்மையில் மாறியிருந்தது ஒன்றுதான். திரையின் ஓரத்தில் பச்சையாக இருந்த ஒரு கோடு சிவப்பாகியிருந்தது.

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார். "இன்னிக்கு மாமாவை நான் கூட்டிட்டுப் போறேன்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லிடு."

"மூணு வாரமா இதைத்தானே சொல்றேன்?" என்றாள். "சாமான் சீட்டு கார்லயே இருக்கு. மறந்துடாதீங்க."

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாமனார் வீட்டு வாசலில் நின்றார். புதுத் தூணில் பழைய கேட் மாட்டியிருந்தது. மிஞ்சிய இரண்டு தொட்டிகள் அவர் கார் வருவதைப் பார்த்து மூச்சை அடக்கிக்கொண்டது போலத் தோன்றியது. மாமனார் துண்டுப் பையோடு தயாராக நின்றார். யார் வண்டி, எந்த வண்டி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். கார் இருபதிலேயே இரண்டாவது சிக்னல்வரை போனது. சொல்வதற்கு லிஃப்ட்காரரிடம் ஆயிரம் இருந்தது. எதை எடுத்தாலும் நடுவில் அந்தக் கேட் வந்து நின்றது.

சிக்னலில் சிவப்பு. முன்னால் ஒரு வண்டியும் இல்லை. இதற்காகத்தானே கால் உறை போட்டு நடந்தது, நாற்காலியில் சாய்ந்தது, சொந்தக் காரைப் பார்த்து வாய் பிளந்தது எல்லாம். பச்சை விழுந்தது. லிஃப்ட்காரர் தொட்டார்.

கார் பாய்ந்தது. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வயிறு சிக்னலிலேயே நின்றுவிட்டது. இடது பக்கம் சிமெண்டுச் சாம்பலில் உயரமாக ஏதோ ஒன்று நீண்டு, மங்கி, பின்னால் போனது. 'சகலை, வந்துட்டேன்யா!' என்று உள்ளுக்குள் ஒரு கூவல். பெருமை பொங்க மாமனார் பக்கம் திரும்பினார்.

மாமனார் ஒரு கையால் ஜன்னலுக்கு மேலே இருந்த பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். மறு கையில் துண்டுப் பை வாய்க்கு நேராக, திறந்தபடி. கண்கள் இறுக்கி மூடியிருந்தன. கண்ணைச் சுற்றியிருந்த சுருக்கமெல்லாம் உள்ளே போய்விட்டது, அவ்வளவு இறுக்கம்.

'ஏறி உக்காந்ததும் மாமா கண்ண மூடிடுறார்.'

லிஃப்ட்காரர் காலை எடுத்தார். ஓரமாக நிறுத்தினார். உடனே காரின் திரை விழித்துக்கொண்டது. தேன் தடவிய ஒரு பெண் குரல், "உங்கள் விழித்த வேகம் உங்களுக்கு வேண்டுமா?" என்று கேட்டது. திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'வேண்டும்' என்று இருந்தது. இன்னொன்றில் 'சற்று நேரம் கழித்துக் கேள்'. மூன்றாவது கட்டத்துக்கு இடம் இருந்தது. கட்டம்தான் இல்லை.

மாமனார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "யாரு இந்தம்மா?"

"அது... வண்டி மாமா. கேள்வி கேக்குது."

"நின்னாச்சா?"

"நின்னாச்சு."

இன்னொரு கண்ணும் திறந்தது. துண்டுப் பை மடிக்கு இறங்கியது. லிஃப்ட்காரர் அசடு வழிய ஸ்டியரிங்கைத் துடைத்தார். நாலு பக்கப் படிவம், நாற்காலி, மேல்மாடி, வெல்வெட் எல்லாம் தாண்டி வந்த அந்தக் கேள்வி இன்னும் அப்படியே இருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கறேன். இந்த வேகம் நமக்கு வேணுமா, வேண்டாமா?"

"வேண்டாம்" என்றார் மாமனார்.

அவ்வளவுதான். அருமையான கேள்வி என்று சொல்லவில்லை. கண்ணை மூடி ரசிக்கவில்லை. இத்தனை சின்னப் பதிலை எங்கே வைப்பது என்று லிஃப்ட்காரருக்குத் தெரியவில்லை. திரையைப் பார்த்தார். குரல் மறுபடியும், "உங்கள் விழித்த வேகம்..." என்று ஆரம்பித்தது. ஒலியைக் குறைத்தார். அப்போதுதான், உண்மையில் கேட்க வந்தது வாய்க்கு வந்தது.

"அப்புறம் ஏன் மாமா மூணு வாரமா சகலை வண்டில போனீங்க?"

மாமனார் அவரைத் திரும்பிப் பார்த்தார். கலவை சரியில்லாத தூணைப் பார்க்கிற அதே பார்வை. ஆனால் விரலை மடக்கித் தட்டவில்லை. கையை எடுத்து அவர் தோளில் வைத்தார்.

"நீங்க வரல மாப்பிள்ளை. அவர் வந்தார்" என்றார். "வண்டியைத் திருப்புங்க, மெதுவா. நம்ம கட்டடத்தை மூணு வாரமா நான் கண்ணாலயே பாக்கல."